2147483647 (எண்)

2147483647 என்பது 2147483646 ஐ அடுத்து வரும் ஓர் ஒற்றை இயல் எண். இந்திய முறையில் காற்புள்ளியிட்டால் 2,14,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு என்று இதைப் படிக்க வேண்டும். இரண்டின் 31 ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். அதாவது 2³¹ − 1. இது ஒரு பகா எண். மெர்சென் பகா எண்கள் எனப்படும் வரிசையில் எட்டாவது. 1772 ஆம் ஆண்டில் லியோனார்டு ஆய்லர் இது பகா எண்தான் என்று நிறுவினார். கணினித் துறையில் இதே எண் வேறொரு காரணத்துக்காக அறியப்படுகிறது. குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணாகச் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு இதுவே.

எண்ணின் அமைப்பு

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை பலரும் அறிந்தது. கதையில் அரசர் 64 கட்டங்களுக்கும் நெல் கொடுக்க முடியாமல் திணறுவார். அவ்வளவு தூரம் போகாமல், நான்காம் வரிசையின் ஏழாம் கட்டத்தில், அதாவது 31 ஆம் கட்டத்தில் நிறுத்தினால், அதுவரை வைத்த மொத்த நெல்மணிகள் 2147483647. அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியவை 2147483648. முந்தைய எல்லாவற்றின் கூட்டுத்தொகையை விட ஒன்று அதிகம். பள்ளியில் படிக்கும் பெருக்குத் தொடரின் கூடுதல் சூத்திரம் சொல்வதும் இதைத்தான்.

இரும எண் முறையில் எழுதினால் இந்த எண் முப்பத்தொரு ஒன்றுகளின் வரிசை. இடையில் ஒரு பூச்சியம்கூட இல்லை. பத்தடிமான முறையில் 9, 99, 999 ஆகியவை எப்படி அந்தந்த இலக்க அளவின் கடைசி எண்களோ, அப்படி இருமத்தில் 31 இலக்கங்களின் கடைசி எண் இது. எண்ணின் கணிதச் சிறப்பு, கணினிச் சிறப்பு இரண்டுக்கும் வேர் இந்த முப்பத்தொரு ஒன்றுகளே.

பகா எண்களை 2, 3, 5, 7 என்று வரிசையாக அடுக்கினால் இது 10,50,97,565 ஆவது. இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. நான்கால் வகுத்தால் மீதி 3 வருவதால் இதை இரண்டு வர்க்க எண்களின் கூடுதலாக எழுத முடியாது. ஒன்றைக் கழிப்பதற்குப் பதில் ஒன்றைக் கூட்டினால் வரும் 2147483649 மூன்றால் வகுபடும். ஈவாகிய 715827883 மீண்டும் ஒரு பகா எண்.

மெர்சென் எண்கள்

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களுக்கு பிரெஞ்சுத் துறவியும் கணித ஆர்வலருமான மாரின் மெர்சென் (1588–1648) பெயரால் மெர்சென் எண்கள் என்று பெயர். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் கட்டாயம் பகு எண்ணே. 2⁶ − 1 = 63 என்பது 2² − 1 = 3 ஆலும் 2³ − 1 = 7 ஆலும் வகுபடுவது இதற்கு எளிய சான்று. எனவே பகா எண் வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும்.

இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இந்தத் தவறில் பெரிய கணித அறிஞர்களும் சிக்கியிருக்கிறார்கள். இத்தாலியின் பியெத்ரோ கத்தால்டி, 17, 19 ஆகிய அடுக்குகளுக்குப் பகா எண் கிடைப்பதைப் பொறுமையாக வகுத்துப் பார்த்தே காட்டினார். அத்துடன் நில்லாமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் கிடைக்கும் என்றார். 1640 இல் பியெர் தெ ஃபெர்மா, 2²³ − 1 ஆனது 47 ஆலும் 2³⁷ − 1 ஆனது 223 ஆலும் வகுபடுவதைக் கண்டார். 2²⁹ − 1 இன் காரணி 233 என்பதைப் பின்னர் ஆய்லர் காட்டினார். கத்தால்டி கூடுதலாகச் சொன்ன நான்கில் 31 மட்டுமே எஞ்சியது.

மெர்சென் 1644 இல் வெளியிட்ட நூலில் தம் பட்டியலைத் தந்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவற்றில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 ஆகியவை விடுபட்டுவிட்டன. அவ்வளவு பெரிய எண்களை அந்தக் காலத்தில் எவராலும் சரிபார்த்திருக்க முடியாது. அவர் ஊகித்துத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆகவே 31 பட்டியலில் இடம்பெற்றது ஒரு கூற்று மட்டுமே. நிரூபணம் வர மேலும் 128 ஆண்டுகள் ஆயின.

ஆய்லர் நிறுவிய முறை

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647 இன் வர்க்கமூலம் 46340 ஐ விடச் சற்று அதிகம். அதற்குள் இருக்கும் கடைசிப் பகா எண் 46339. அதுவரை மொத்தம் 4792 பகா எண்கள் உள்ளன. பத்து இலக்க எண்ணை ஏறக்குறைய ஐயாயிரம் முறை கையால் வகுப்பது என்பது மாதக்கணக்கான வேலை. ஒரே ஓர் இடத்தில் கணக்குப் பிசகினாலும் முடிவு செல்லாது.

பெரும்பாலான பகா எண்களைத் தொடவே தேவையில்லை என்பதுதான் ஆய்லர் கண்ட வழி. அதில் இரண்டு வடிகட்டிகள் உள்ளன.

முதல் வடிகட்டி ஃபெர்மாவிடமிருந்து வந்தது. ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1 ஐ வகுப்பதாகக் கொள்க. அந்தப் பகா எண், இரண்டின் எந்தெந்த அடுக்குகளில் ஒன்றைக் கழித்தால் வகுக்கும் என்று பார்த்தால், அத்தகைய அடுக்குகளில் மிகச் சிறியது மற்ற எல்லா அடுக்குகளையும் மீதியின்றி வகுக்கும். 31 அவற்றுள் ஒன்று. 31 ஐ வகுப்பவை 1, 31 இரண்டே. அடுக்கு 1 என்றால் 2 − 1 = 1; அதை எந்தப் பகா எண்ணும் வகுக்காது. எனவே மிகச் சிறிய அடுக்கு 31 தான். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணும் அத்தகைய ஓர் அடுக்கே. ஆகவே அது 31 ஆல் வகுபட வேண்டும். பகா எண் ஒற்றைப்படை என்பதால் அது 2 ஆலும் வகுபடும். மொத்தத்தில், 62 ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்கள் மட்டுமே காரணியாக இருக்க முடியும். 2047 இன் காரணிகளான 23, 89 இரண்டையும் 22 ஆல் வகுத்தால் மீதி 1 வருவதைக் கொண்டு இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வடிகட்டி இன்னும் நுட்பமானது. அந்தப் பகா எண் 2³¹ − 1 ஐ வகுத்தால், அதனால் 2³² ஐ வகுக்கும்போது மீதி 2 வரும். 2³² என்பது 65536 இன் வர்க்கம். அதாவது, ஒரு வர்க்க எண்ணை வகுத்து மீதி 2 பெற முடிகிறது. எல்லாப் பகா எண்களுக்கும் இது நடக்காது. வர்க்க எண்களை 5 ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 தவிர வேறு வராது. 7 க்கு நடக்கும்: 9 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 2. 17 க்கும் நடக்கும்: 36 ஐ 17 ஆல் வகுத்தால் மீதி 2. எட்டால் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே இது இயலும் என்பது எண் கோட்பாட்டின் அழகான முடிவுகளில் ஒன்று.

இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்தால், காரணியாகக் கூடிய பகா எண்ணை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும். 46340 வரை இந்த வகையில் அடங்கும் எண்கள் 1 ஐத் தவிர்த்து 373 மட்டுமே. அவற்றிலும் பகு எண்களை நீக்கினால் எஞ்சும் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு.

தொடக்கத்தை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். 63 பகு எண். 249 மூன்றால் வகுபடும். 311 பகா எண். 2147483647 ஐ இதால் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்து 497 = 7 × 71, 559 = 13 × 43; 745, 807, 993, 1055, 1241 ஆகியவையும் பகு எண்களே. 1303 பகா எண். வகுத்தால் மீதி 226. அடுத்தது 1489. இப்படிக் கடைசி வரை எங்கும் மீதி பூச்சியம் ஆகவில்லை. ஐயாயிரம் வகுத்தல்கள் நூற்றுக்குள் சுருங்கியது கணக்குத் திறமையால் மட்டுமன்று. எதை வகுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டதால்தான்.

1772 இல் பெர்னூலிக் குடும்பத்தைச் சேர்ந்த யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இந்த முடிவைத் தெரிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். கண்பார்வையை ஏறக்குறைய முழுமையாக இழந்திருந்தார். இதற்கு முன் அறியப்பட்டிருந்த பெரிய பகா எண்ணான 6700417 கூட அவர் கண்டதே. ஃபெர்மா பகா எண் என்று நம்பிய 2³² + 1 ஐ 641 × 6700417 என்று பிரித்தபோது வந்தது அது.

முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக 2147483647 ஐ மிஞ்சும் பகா எண்ணை எவரும் அறிவிக்கவில்லை. பிரான்சின் ஃபார்ச்சூனே லாந்த்ரி 1867 இல் தந்த 3203431780337 பதின்மூன்று இலக்கம் கொண்டது. 1876 இல் எதுவார்டு லூக்காஸ் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார்.

லூக்காஸ் கையாண்டது வகுத்துப் பார்க்கும் முறை அன்று. அதை 1930 இல் டி. எச். லேமர் செப்பனிட்டார். 4 இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2 ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கை விட இரண்டு குறைவான தடவைகள் செய்தபின் மீதி பூச்சியமானால் அது பகா எண். 31 (2⁵ − 1) க்கு மூன்று தடவை: 4 இலிருந்து 14, 14 இலிருந்து 194, மீதி 8, 8 இலிருந்து 62, மீதி 0. 2³¹ − 1 க்கு இருபத்தொன்பது தடவை செய்தால் போதும். 2024 இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 ஐ உறுதிசெய்யவும் இதே லூக்காஸ்–லேமர் சோதனை பயன்பட்டது.

எட்டாவது நிறைவெண்

தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூடுதலுக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும். 28 க்கு 1 + 2 + 4 + 7 + 14 = 28. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய இரண்டின் அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் வரும் என்று யூக்ளிடு காட்டியிருந்தார் (28 = 4 × 7). இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே என்று ஆய்லர் நிறுவினார். 2³¹ − 1 தரும் நிறைவெண் 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128. பத்தொன்பது இலக்கங்கள்.

இங்கிலாந்தின் ஊலிச் நகர இராணுவக் கல்விக்கூடத்தில் கணிதம் கற்பித்த பீட்டர் பார்லோ 1811 இல் எழுதிய எண் கோட்பாட்டு நூலில் இந்த நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண் இனி ஒருபோதும் கண்டறியப்படாது என்றார். அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. கணக்கு கடினம் என்பதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. இந்த எண்கள் வெறும் வேடிக்கைக்குரியவை, பயனற்றவை. ஆகவே எவரும் முயலப்போவதில்லை என்பது அவர் கருத்து. லூக்காஸின் 2¹²⁷ − 1 வந்தபோதே அந்தக் கணிப்பு பொய்த்தது. 1883 இல் ரஷ்யாவின் இவான் பெர்வூஷின் 2⁶¹ − 1 பகா எண் என்று காட்டியபோது ஒன்பதாவது நிறைவெண்ணும் கிடைத்தது. பயனற்றது என்ற பகுதி பொய்க்க இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

கணினியில் ஓர் எல்லை

கணினியில் ஒரு முழு எண்ணுக்குப் பொதுவாக 32 பிட் இடம் ஒதுக்குவது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. குறை எண்களையும் குறிக்க வேண்டுமானால் இடக்கோடி பிட்டு குறியைக் காட்டப் பயன்படும், மிச்சம் 31. அவை அனைத்தும் ஒன்றாக இருக்கும்போது மதிப்பு 2147483647. இந்த முறையில் அடங்கும் எண்கள் −2147483648 முதல் 2147483647 வரை.

எல்லையில் நின்று ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? நான்கு பிட்டில் பார்த்தால் எளிதில் விளங்கும். 0111 என்பது 7. ஒன்றைக் கூட்டினால் 1000. இடக்கோடியில் 1 வந்துவிட்டதால் கணினி இதை −8 என்று படிக்கும். அதேபோல் 32 பிட்டில் 2147483647 உடன் ஒன்றைக் கூட்டினால் −2147483648 வரும். ஜாவா மொழியில் இப்படித்தான் நடக்கும் என்று மொழியின் விதியே சொல்கிறது. சி மொழியின் விதியோ என்ன நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் தருவதில்லை. அது இன்னும் ஆபத்தானது.

கணினி எல்லை என்பதால்தான் இது பகா எண்ணாக இருக்கிறது என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. 8 பிட்டின் எல்லை 127 பகா எண். 16 பிட்டின் எல்லை 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லையான 9223372036854775807 ஏழால் வகுபடும்; அடுக்கு 63 மூன்றால் வகுபடுவதால் 2³ − 1 = 7 அதை வகுத்தே தீரும். 32 க்கு மட்டும் குறிக்கு ஒரு பிட்டு போக எஞ்சியது 31 என்ற பகா எண். மெர்சென் பட்டியலில் இருந்த அதே 31 அங்கே வந்து நின்றது தற்செயல்.

எல்லையைத் தாண்டும் இடங்கள் எதிர்பாராதவை. கல்லூரி மாணவர்கள் செய்முறைத் திட்டங்களில் அடிக்கடி சந்திப்பது கைபேசி எண் சிக்கல். இந்தியாவில் கைபேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை. 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குபவை. எனவே ஒவ்வொன்றும் 2147483647 ஐ விடப் பெரியது. தரவுத்தளத்தில் அந்தப் புலத்தை 32 பிட் முழு எண்ணாக அமைத்துவிட்டால் எந்தக் கைபேசி எண்ணும் அதில் அடங்காது. மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளத்தில் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால் பிழை என்று நிற்காமல், எல்லோருடைய எண்ணையும் 2147483647 என்று சுருக்கிச் சேமித்துவிடும். கூட்டல் கழித்தல் செய்யத் தேவையில்லாத கைபேசி எண்ணை எழுத்துச் சரமாக வைப்பதே முறை.

பட்டியலில் ஒன்றைத் தேடும் இருபகுதித் தேடல் முறையில் நடுப்புள்ளியைக் காண, தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். பாடநூல்களில் பல்லாண்டுகளாக இருந்த வரி இது. பட்டியலில் 2³⁰ அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகள், அதாவது ஏறக்குறைய 107 கோடிக்கு மேல் இருந்தால், அந்தக் கூடுதல் 2147483647 ஐத் தாண்டிக் குறை எண் ஆகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்ததை, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006 இல் தாமே வெளியிட்டார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்துடன் கூட்டுவது பாதுகாப்பான வழி.

யூடியூபில் தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' காணொளி 2014 டிசம்பரில் இந்த எல்லையைக் கடந்தது. அங்கே பார்வை எண்ணிக்கைக்கு 64 பிட் இடம் தரப்பட்டிருந்ததால் சிக்கல் எழவில்லை.

சிரித்துவிட்டுப் போக முடியாத ஒன்றும் உண்டு. 2015 இல் அமெரிக்காவின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்கள் குறித்து ஓர் ஆணை வெளியிட்டது. மின்சாரம் நிறுத்தப்படாமல் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் மென்பொருளில் உள்ள ஓர் எண்ணி நிரம்பி வழியும். நான்கு கருவிகளும் ஒரே நேரத்தில் இயக்கப்பட்டிருந்தால் நான்கும் ஒன்றாகச் செயலிழந்து, விமானம் பறந்துகொண்டிருந்தாலும் மாறுதிசை மின்சாரம் முழுவதும் போய்விடும் என்பது அதன் சாரம். நூறில் ஒரு வினாடிக்கு ஒன்று என எண்ணிக்கொண்டே போனால் 2147483647 ஐ எட்ட ஆகும் காலம் 248.55 நாட்கள். குறிப்பிட்ட கால இடைவெளியில் விமானத்தின் மின்சாரத்தை முழுமையாக அணைத்துப் போடுவதே உடனடித் தீர்வாக விதிக்கப்பட்டது. (ஆய்லரின் வடிகட்டியில் வந்த 248 க்கும் இதற்கும் தொடர்பில்லை.)

சமவாய்ப்பு எண்கள்

பகா எண் என்ற பண்பும் 32 பிட்டில் அடங்கும் பண்பும் சேர்ந்து பயன்பட்ட துறை இது. ஓர் எண்ணை 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மீண்டும் பெருக்கி வகுக்க வேண்டும். ஒன்றில் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று எந்த ஒழுங்கும் தெரியாதபடி எண்கள் வரும். 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒருமுறை வந்த பிறகே தொடர் திரும்பத் தொடங்கும். வகுப்பது பகா எண் என்பதாலும், பெருக்கி (7⁵) பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாலும் இது அமைகிறது. 1969 இல் ஐபிஎம் 360 கணினிக்காக முன்வைக்கப்பட்ட இம்முறையை 1988 இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் உள்ளது. இரகசியக் குறியீட்டுக்கு இது உதவாது. ஓர் எண் தெரிந்தால் அடுத்ததைக் கணக்கிட்டுவிடலாம்.

இங்கே வகுத்தலும் சுலபம். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி 9 ஆல் வகுக்கும் மீதியைக் காண்பது தொடக்கப்பள்ளிக் கணக்கு: 52 க்கு 5 + 2 = 7. 9 என்பது 10 − 1 ஆக இருப்பதே காரணம். 2147483647 என்பது 2³¹ − 1 ஆதலால் அதே தந்திரம் இருமத்தில் செல்லும். 282475249 × 16807 = 4747561509943. இதை 2³¹ ஆல் வகுத்தால் (கணினிக்கு இது வெறும் இடம்பெயர்ப்பு) ஈவு 2210, மீதி 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073.

2038 சிக்கல்

யூனிக்சு வகைக் கணினிகள் 1970 சனவரி 1 நள்ளிரவு (கிரீனிச் நேரம்) முதல் கழிந்த வினாடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கை நெடுங்காலம் குறியுடன் கூடிய 32 பிட் எண்ணாகவே இருந்தது. 2147483647 வினாடிகள் என்பது ஏறக்குறைய 68 ஆண்டுகள். அது முடிவது 2038 சனவரி 19, செவ்வாய்க்கிழமை, கிரீனிச் நேரம் 3 மணி 14 நிமிடம் 7 வினாடி. இந்திய, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. அடுத்த வினாடியில், திருத்தப்படாத கருவி −2147483648 என்று எண்ணி, தேதியை 1901 டிசம்பர் 13 என்று காட்டும்.

சிக்கல் 2038 வரை காத்திருக்காது. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் எந்த நிரலும் முன்னதாகவே எல்லையில் மோதும். இருபது ஆண்டுக் கடனுக்குத் தவணை அட்டவணை போடும் நிரல் 2018 இலேயே 2038 ஐத் தொட்டுவிட்டது. 2006 மே மாதத்தில் ஏஓஎல்சர்வர் என்ற மென்பொருளில் இது நேர்ந்தது. 'ஒருபோதும் காலாவதி ஆகாது' என்று குறிக்க அதில் நூறு கோடி வினாடிகள் என்று அமைத்திருந்தார்கள். 2038 எல்லைக்கு நூறு கோடி வினாடிகள் மட்டுமே மிச்சமிருந்த அன்று, காலாவதித் தேதி கடந்த காலத்துக்குப் போய்விட்டது.

தீர்வு, நேரத்தை 64 பிட்டில் வைப்பது. அந்த அளவு ஏறக்குறைய 29,200 கோடி ஆண்டுகளுக்குப் போதும். புதிய கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளன. 32 பிட் கருவிகளிலும் 64 பிட் நேரத்தைக் கையாளும் வசதி லினக்சு கருநிரலின் 5.6 பதிப்பில் (2020) நிறைவுபெற்றது. எஞ்சியிருப்பவை, நிறுவிவிட்டு மறந்துபோன கருவிகள்: தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், மின்னளவிகள், பழைய வலையமைப்புக் கருவிகள். இவற்றில் பலவற்றுக்கு மென்பொருளைப் புதுப்பிக்கும் வழியே இல்லை. அதோடு, கருநிரல் 64 பிட்டாக இருந்தாலும் பழைய கோப்பு வடிவமோ தரவுத்தளப் புலமோ 32 பிட்டாகவே இருந்தால் எல்லை அங்கே நிற்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 'டைம்ஸ்டாம்ப்' வகை ஓர் எடுத்துக்காட்டு. அதில் 2038 சனவரி 19 க்குப் பிந்தைய தேதியைச் சேமிக்க முடியாது. 'டேட்டைம்' வகையில் இந்தத் தடை இல்லை. பாதிப்பு உள்ளதா என்று அறிய விரும்புவோர், பயன்பாட்டில் உள்ள கணினியின் கடிகாரத்தை மாற்றிப் பார்க்கக் கூடாது. சான்றிதழ்களும் காப்புப் பிரதிகளும் குழம்பிவிடும். தனியான மெய்நிகர் கணினியில் தேதியை 2038 சனவரி 19 காலைக்கு நகர்த்தி, 8 மணி 44 நிமிடத்தைக் கடக்கவிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பானது.